வாசல் பெயர் சொன்ன வயர்லெஸ் மைக்

அன்பையும் வம்பையும் சரிபாதியாகத் தந்த என் மதினிக்கு,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். இந்த வருடமும் நம் தெரு முளைப்பாரிக்கு யாரும் கேசட் போடவில்லை. கோயில் வாசலில் எடுத்த பாட்டு ஊரணிக் கரை போய்ச் சேரும்வரை அறுபடவே இல்லை. மில்லில் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு, தெருமுனையில் நின்றே கேட்டார்களாம். மறுநாள் அண்ணனிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள்.

நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். "ரொம்பத்தான் பீத்திக்கிடாதீங்க கொழுந்தனாரே. ஒங்க மைக்கா பாடுச்சு? பாடுனது நாங்க." கேலி செய்யும்போது எனக்கு 'நீங்க' என்று மரியாதை கிடைக்கும். கோபம் வந்தால் 'நீ'. இந்த இரண்டில் ஒன்றைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது?

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிப்பார்கள் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் என் அண்ணன் குருசாமியின் மனைவி, சீனியம்மா. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து ராஜபாளையத்துக்கு வாழ வந்தவர். அண்ணனுக்கு நூல் மில்லில் வேலை. எனக்கு மைக் செட். தெருவின் முளைப்பாரிக்கு நீங்கள்தான் பாட்டுக்காரி.

முளைப்பாரி என்றால் விரதமிருந்து சட்டியில் வளர்த்த பயிரைப் பெண்கள் தலையில் சுமந்துபோய் ஊரணியில் கரைப்பது. அது எல்லா ஊரிலும் உண்டு. நம் தெருவில் கூடுதலாக ஒரு வழக்கம். பாரி எந்த வாசலைத் தாண்டுகிறதோ அந்த வீட்டின் பெயரைச் சொல்லி, அந்த வீட்டுக்கு என்ன வேண்டுமோ அதைக் கேட்டுப் பாட்டுக்காரி ஒரு வாழ்த்துப் பாட வேண்டும். முன்கூட்டியே எழுதி வைக்க முடியாது. கல்யாணத்துக்குப் பெண் காத்திருக்கும் வீடு, பிள்ளை பட்டாளத்துக்குப் போயிருக்கும் வீடு, மாடு செத்துப்போன வீடு என்று எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்திருந்தது. பெயர் விடுபட்ட வீட்டுக்காரர்கள் மறுநாள் காலையில் வாளியோடு குழாயடிக்கு வந்து சண்டை பிடித்தார்கள் என்றால், அந்தப் பெயருக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் பெயர் கேட்க வேண்டுமே! எண்பதுகளில் தெருவில் ஆளும் கூடிவிட்டது, பாரியும் கூடிவிட்டது. முன்வரிசையில் நீங்கள் பாடுவது நடுவரிசைக்கு மங்கலாகக் கேட்கும். கடைசி வரிசைக்குக் கேட்கவே கேட்காது. முன்னால் இருப்பவர்கள் ஒரு தாளத்தில் கை தட்ட, பின்னால் இருப்பவர்கள் வேறொரு தாளத்தில் நடக்க, சட்டியும் சட்டியும் இடித்துக்கொள்ளும். இதற்கிடையில் பந்தலில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு வேறு.

நான் மைக் செட் தொடங்கிய புதிதில் இதற்கு ஒரு வழி செய்கிறேன் என்று கிளம்பினேன், நினைவிருக்கிறதா? நீளமான ஒயரோடு ஒரு மைக்கை உங்கள் கையில் கொடுத்தேன். நேராக நடந்த வரைக்கும் சரி. முச்சந்தியில் வட்டம் கட்டிக் கும்மி தொடங்கினீர்கள். வட்டம் சுற்றச் சுற்ற ஒயரும் சுற்றியது. நாலாவது சுற்றில் உங்கள் காலும் வெள்ளைத்தாய் அக்கா காலும் ஒரே முடிச்சில் கிடந்தன. வெள்ளைத்தாய் அக்கா எதிர்ப்பாட்டுக்காரி. நீங்கள் ஒரு அடி பாடினால் அடுத்த அடியை வாங்குபவர். அன்றைக்கு அவர் வாங்கியது அடி இல்லை, என்னைத்தான்.

"ஏ காளிராசு, எங்களயென்ன எருமமாடுன்னு நெனச்சியா, கயிறு போட்டு விட்டிருக்க?"

தெருவே சிரித்தது. நீங்கள்தான் அதிகம் சிரித்தீர்கள். அதற்குப் பிறகு சில வருடங்கள் வெறுங்குரலிலேயே போனது.

தொண்ணூறுகள் தொடங்கிய சமயத்தில்தான் வினை வந்தது. விழாக் கமிட்டிச் செயலாளர் பொன்னுச்சாமி அண்ணாச்சி, பலசரக்குக் கடைக்காரர், நல்ல மனிதர், ஆனால் புதிதாக எதைப் பார்த்தாலும் வாங்கிவிடுவார். மதுரைக்குச் சரக்கெடுக்கப் போனவர் முளைப்பாரிக் கேசட் ஒன்றோடு திரும்பினார். யாரோ எங்கேயோ பாடியது. உறுமி, ஆர்மோனியம் எல்லாம் சேர்த்துப் பளபளவென்று இருந்தது. கமிட்டிக் கூட்டத்தில் அதைப் போட்டுக் காட்டினார்.

"இந்த வருசம் இதையே வண்டியில போட்டுவிட்ருவோம். கடைசி ஆளு வரைக்கும் கேக்கும். பொம்பளையாளுகளுக்கும் தொண்டத்தண்ணி வத்தாது. கையத் தட்டிக்கிட்டு வந்தா போதும்."

கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. நீங்கள் மட்டும் கடைசியில் நின்றுகொண்டு கேட்டீர்கள்.

"அண்ணாச்சி, அந்தக் கேசட்டுல ஒங்க வீட்டுப் பேரு வருதா?"

"அதெப்படிம்மா வரும்?"

"மூத்த மக மாசமா இருக்கா. அவளுக்கு நல்லபடியா ஆகணும்னு வருதா?"

அண்ணாச்சி கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "கேக்காத பேரச் சொல்லி என்னம்மா பிரயோசனம்? அம்புட்டுப் பேருக்கும் கேக்குற மாதிரி பாட முடியுமா ஒன்னால?" என்றார்.

"முடியும்" என்றீர்கள். யாரைக் கேட்டுக்கொண்டு சொன்னீர்கள் மதினி? என்னைத்தான் திரும்பிப் பார்த்தீர்கள். நானும் மடையன் மாதிரி, "முடியும் அண்ணாச்சி" என்றேன்.

முடிவு இப்படி ஆனது: இந்த ஒரு வருடம் நீங்கள் பாடலாம். கோயிலிலிருந்து ஊரணி வரைக்கும் கடைசி வரிசைக்கும் கேட்டால் இனி எப்போதும் பாட்டுத்தான். நடுவில் நின்றுபோனால் அந்த இடத்திலேயே கேசட் ஏறும். அதற்குப் பிறகு வீட்டுப் பெயர் பாடுகிற பேச்சே கிடையாது.

அன்று வீட்டுக்கு வந்து கஞ்சி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே கேட்டீர்கள். "ஒயரில்லாத மைக்குன்னு ஒண்ணு இருக்காமே கொழுந்தனாரே, அது நெசமா, சினிமாவா?"

நிஜம்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. பாடகரும் தபலாக்காரரும் சம்பந்தி ஆனதில் சண்டை வந்து குழு கலைந்து, சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். நீங்களே உங்கள் பிறந்த வீட்டு ஆட்கள் மூலம் விசாரித்துச் சேதி கொண்டுவந்தீர்கள். நான் பஸ்ஸில் போய் அந்த மைக்கையும், அதன் பேச்சைப் பிடிக்கிற ரிசீவர் பெட்டியையும் மடியில் வைத்து எடுத்துவந்தேன். எலுமிச்சம்பழம் நசுக்கிப் பொட்டு வைத்தபிறகுதான் அதை வாசற்படி தாண்ட விட்டீர்கள்.

பெட்டி என்னவோ சின்னதுதான். கறுப்பு நிறம், இழுத்தால் நீளும் ஒரு ஏரியல், ஒரு சிவப்பு விளக்கு, மைக்கின் பேச்சு வந்தால் எரியும் ஒரு பச்சை விளக்கு, இரண்டு குமிழ். மைக்கின் உள்ளே சதுரமான ஒரு பேட்டரி, அடியில் எலிவால் மாதிரி ஒரு சின்ன ஒயர். மைக் தன் பேச்சைக் காற்றில் அனுப்புவது அந்த வால் வழியாகத்தான். ரிசீவர் ஏரியலில் அதைப் பிடித்து ஆம்ப்ளிபயருக்குக் கொடுக்கும். ஆம்ப்ளிபயர் குழாய்க்குக் கொடுக்கும். "அப்ப இது பால் பண்ண மாதிரி. கறக்குறவன் ஒருத்தன், ஊத்துறவன் ஒருத்தன்" என்றீர்கள். நான் விளக்கியதைவிட அது தெளிவாக இருந்தது.

முதல் நாள் அதைப் போட்டபோது குழாய் முழுக்க எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம். அண்ணன் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவர் பதறி எழுந்து, "ஏலே, வீட்டுக்குள்ள என்னத்தலே பொரிக்க?" என்றார். பின்பக்கக் குமிழைத் திருகித் திருகிப் பார்த்துத்தான் பிடிபட்டது. மைக் பேசாத நேரத்தில் வரும் இரைச்சலை அடக்குவதற்கென்றே அந்தக் குமிழ். குறைவாக வைத்தால் பொரியும். கூடுதலாக வைத்தால் இரைச்சலோடு மைக்கின் பேச்சையும் சேர்த்து அடக்கிவிடும். பொரிச்சல் எந்த இடத்தில் அடங்குகிறதோ அதைவிட ஒரு மயிரிழை தாண்டி நிறுத்த வேண்டும். ஒரு வாரம் அந்த மயிரிழையோடு மல்லுக்கட்டினேன்.

பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டோம். ரிசீவரை ஆம்ப்ளிபயர் தலைமேல் வைத்தால் உறுமுகிறது, தள்ளி வைக்க வேண்டும். தரையில் வைத்தால் ஆள்கூட்டம் மறைக்கிறது, உயரத்தில் வைக்க வேண்டும். மைக்கோடு குழாய்க்கு முன்னால் போனால் ஊளையிடுகிறது, பாடுகிறவர் குழாய்க்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். ஆம்ப்ளிபயரின் ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு ரிசீவரைப் போட வேண்டும், பச்சை விளக்கு எரியாமல் இருக்கிறதா பார்க்க வேண்டும், அப்புறம் மைக்கைப் போட வேண்டும், பச்சை எரிந்ததும் ஒலியை மெல்ல ஏற்ற வேண்டும். இந்த வரிசையை நீங்கள் ஒரு தாலாட்டு மெட்டில் பாடிக் காட்டியதும் எனக்கு மறக்கவே இல்லை. இப்போதும் செட் போடும்போது வாய்க்குள் அதைத்தான் முனகுகிறேன்.

தூரம் பார்க்க மைக்கோடு உங்களைத் தெருவில் நடக்கவிட்டேன். நம் வீட்டிலிருந்து மாவு மில் வரைக்கும் பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. அதைத் தாண்டியதும் அணைந்து அணைந்து எரிந்தது. சரி, பெட்டி ஒரே இடத்தில் இருந்தால்தானே தூரம்? பெட்டியும் கூடவே வரட்டும் என்று ஒரு தள்ளுவண்டி பிடித்தேன். கார் பேட்டரி, ஆம்ப்ளிபயர், முன்பக்கம் ஒரு குழாய், பின்பக்கம் ஒரு குழாய், நடுவில் மூங்கில் கட்டி அதன் உச்சியில் ரிசீவர். பாரிக்கு நடுவில் வண்டி, வண்டிக்குப் பக்கத்தில் நீங்கள்.

வாலைத் தொங்கவிட வேண்டும், கையால் பொத்தக் கூடாது என்று சொல்லியிருந்தேன். நீங்களும் தினமும் அப்படியே பிடித்து நடந்தீர்கள். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அந்த நாட்களில் நீங்கள் நடந்தீர்களே தவிர கும்மி அடிக்கவில்லை. அதை நாம் இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

விழா அன்று சாயங்காலம் கோயில் வாசலில் பாரி தூக்கினார்கள். மஞ்சள் சேலையில் நீங்கள் மைக்கோடு நின்றதைப் பார்த்து வெள்ளைத்தாய் அக்கா, "என்ன சீனி, குச்சி ஐஸு திங்கப் போறியா?" என்று கேட்டார். உண்மையிலேயே அப்படித்தான் பிடித்திருந்தீர்கள். அதோடு பாட்டெடுத்தீர்கள்.

பச்சை முளைச்சு வருகுதடி — நம்ம
பாதையெல்லாம் குளிருதடி
எச்சரிக்கையா நடங்கடி — தாயி
ஏறி வாராளே தலைமேலே

இரண்டு குழாயிலும் உங்கள் குரல்! கடைசி வரிசைப் பெண்கள் திடுக்கிட்டு நிமிர்ந்ததை நான் வண்டிமேல் நின்று பார்த்தேன். ஒரு கையில் மைக் இருந்ததால் மறு கையால் மைக் பிடித்த மணிக்கட்டில் தட்டினீர்கள். அந்தத் தட்டும் மைக்கில் விழுந்து தெரு முழுக்க உறுமி மாதிரி அதிர்ந்தது. எதிர்பார்க்கவே இல்லை. முன்வரிசையிலிருந்து கடைசி வரிசை வரைக்கும் ஒரே தாளம். அண்ணாச்சிகூடத் தன்னையறியாமல் காலால் தாளம் போட்டார். ஆனால் கேசட்டைக் கையில்தான் வைத்திருந்தார்.

முச்சந்தி வந்தது. வட்டம் கட்டினார்கள். நீங்கள் நடுவில் போய் நின்று முதல் குனிவு குனிந்தீர்கள். குழாயில் சத்தம் நின்றது.

ரிசீவரைப் பார்த்தேன். பச்சை விளக்கு இல்லை. ஏரியலைத் திருப்பினேன், வரவில்லை. மூங்கிலை இன்னும் தூக்கிப் பிடித்தேன், வரவில்லை. உங்களிடம் ஓடிவந்து புதுப் பேட்டரி மாற்றினேன். மாற்றும்போது வந்த பச்சை, நீங்கள் வாங்கிக்கொண்டு மறுபடி குனிந்ததும் போனது. பேட்டரியும் இல்லை, பெட்டியும் இல்லை, பிறகு என்னதான்?

நீங்கள் பாட்டை நிறுத்தவில்லை. வெறுங்குரலில் பாடிக்கொண்டே இருந்தீர்கள். ஆனால் பின்வரிசையில் தாளம் கலையத் தொடங்கிவிட்டது. சட்டி இடிபடும் சத்தம் கேட்டது. அண்ணாச்சி மெல்ல வண்டிப் பக்கம் வந்தார்.

"காளிராசு, தப்பா நெனைக்காத. சொன்னது சொன்னதுதான. செத்த தள்ளிக்கோ, போட்ருவோம்."

அவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. நான் வண்டியில் தயாராக வைத்திருந்த டேப்ரிக்கார்டரின் மூடியைத் திறந்தேன். இத்தனை வீடு இருக்கிறதே, இத்தனை வாசலிலும் கோலம் போட்டு, விளக்கேற்றி, தங்கள் பெயருக்காக நிற்கிறார்களே என்று நினைத்துக் கேசட்டை வாங்காமல் நின்றேன்.

அப்போதுதான் வெள்ளைத்தாய் அக்காவின் சத்தம் கேட்டது.

"ஏட்டி சீனி! வாலு எங்கட்டி?"

"எந்த வாலு?"

"மைக்கு வாலுடி! தொங்கிக்கிட்டு இருந்துச்சே!"

நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். கும்மிக்கு வட்டம் கட்டியதும் நம் பெண்கள் முதலில் என்ன செய்வார்கள்? முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகுவார்கள். கை தானாகப் போகும், அதற்கு யோசனையே வேண்டாம். அன்றைக்கு உங்கள் கை முந்தானையோடு சேர்த்து, தொங்கிய மைக் வாலையும் நன்றாக இழுத்து இடுப்பில் சொருகியிருந்தது; நான் பேட்டரி மாற்றித் தந்த பிறகும் அதையே செய்திருந்தது. மஞ்சள்நீரில் நனைந்த சேலை, அதற்குள் வால். காற்றில் போக வேண்டிய பாட்டெல்லாம் உங்கள் இடுப்போடு நின்றுவிட்டது. உலகத்தில் எந்தப் பாட்டுக்காரரும் செய்யாத தப்பு அது. கோட்டுப் போட்டுப் பாடுகிறவனுக்குச் சொருகுவதற்கு முந்தானை ஏது?

வாலை வெடுக்கென்று உருவினீர்கள். பச்சை விளக்கு எரிந்தது. குழாய் இரண்டும் திறந்துகொண்டன. அதில் முதலில் வந்தது பாட்டு இல்லை.

"அட கிறுக்குப்பய கொழுந்தா, சேலையில சொருகாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா நீ?"

ஊர் முழுக்கக் கேட்டது. கடைசி வரிசைக்கும் கேட்டது. தெருவே வாய்விட்டுச் சிரித்தது. பாரி சுமந்தவர்கள் சிரித்ததில் தலையில் பயிரெல்லாம் ஆடியது. எல்லோருக்கும் கேட்டதா இல்லையா என்று இனி யாரும் அண்ணாச்சியைக் கேட்க வேண்டியதில்லை. சிரிப்பு அடங்குவதற்குள் நீங்கள் மணிக்கட்டில் தட்டித் தாளம் எடுத்தீர்கள். முச்சந்தியின் முதல் வீடு அண்ணாச்சியுடையதுதான்.

பொன்னுச்சாமி வாசலிலே — மஞ்சப்
பூசி நிக்கும் வாசலிலே
பிள்ளை சுமக்கும் மூத்தமக — நல்லாப்
பெத்துப் பொழைக்க வேணுமம்மா

அண்ணாச்சியின் மகள் வாசலில் நிறைவயிற்றோடு நின்றிருந்தாள். தனக்காக ஒரு தெருவே கை தட்டுவதைக் கேட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். அண்ணாச்சி கேசட்டைச் சட்டைப் பைக்குள் போட்டார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, என் தள்ளுவண்டியைத் தானே தள்ளத் தொடங்கினார். ஊரணி வரைக்கும் யாரிடமும் கொடுக்கவில்லை.

அன்றைக்கு ஒரு வாசலை விட்டீர்களா நீங்கள்? ஜெயராணி டீச்சர் வீட்டுக்கு வந்ததும் யாரோ, "இது வேதக்காரங்க வீடுல்லா, சர்ச்சுக்குப் போறவுக, தாண்டிப் போயிருவோமா?" என்றார்கள். "வாசல் இருக்குல்ல? பொறவென்ன?" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு, டீச்சரின் பிள்ளை பரீட்சையில் தேற வேண்டும் என்று பாடினீர்கள். மாடியில் நின்ற ராஜு வீட்டுப் பெரியம்மா தன் பெயர் கேட்டதும், "பாகுந்தி, சாலா பாகுந்தி" என்று தெலுங்கில் மெச்சி அங்கிருந்தே பூவை அள்ளிப் போட்டார். பட்டாளத்துக்காரர் வீட்டில் கிழவர் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கண்ணைத் துடைக்கக் கை எடுத்தால் மூங்கில் சாயும் என்பதால் அப்படியே நின்றேன்.

அந்த வெற்றி ராஜபாளையத்தோடு நிற்கவில்லை. அடுத்த வருடம் ஸ்ரீவில்லிபுத்தூரில் உங்கள் பிறந்த தெருவிலிருந்து வெற்றிலைபாக்கு வைத்து அழைத்தார்கள். கட்டிக்கொடுத்த பெண்ணைப் பாட்டுக்காரியாக அழைத்தது அந்தத் தெருவில் அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் ரிசீவரை உங்கள் மடியில் வைத்துக்கொண்டு, கண்டக்டரிடம், "இதுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?" என்று வம்பு வளர்த்தீர்கள்.

அங்கே நடந்ததை இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். பக்கத்துத் தெருக் கல்யாண மண்டபத்திலும் அதே மாதிரி ஒரு வயர்லெஸ் மைக். வாழ்த்திப் பேசியவர் பேசி முடித்து மைக்கை அணைத்துவிட்டார். ரிசீவரின் ஒலியை யாரும் குறைக்கவில்லை. சும்மா இருந்த அந்தப் பெட்டி, அந்த வழியாக வந்த உங்கள் பாட்டைப் பிடித்துக்கொண்டது. பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருக்கும் மேடையில், "பயிரு போலத் தழையணுமே" என்று குழாய் திடீரென்று வாழ்த்தியிருக்கிறது! பெண்ணின் அப்பா மூச்சிரைக்க ஓடிவந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நான் ரிசீவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"பாடுன அம்மா யாரு? எம் மகளுக்கு எம்புட்டு நல்ல வாக்கு வந்துச்சு! பேரையும் சொல்லிப் பாடிருங்க தாயி" என்றார் அவர்.

பெயர் கேட்டுப் பாடினீர்கள். நமக்குப் பந்தி போட்டுத்தான் அனுப்பினார்கள். மைக்கை அணைத்தால் ரிசீவரின் ஒலியையும் குறைக்க வேண்டும் என்ற பாடம் எனக்கு அன்றைக்குக் கிடைத்தது. ஆனால் அந்த மண்டபத்துக்காரர் அதைப் படிக்காமல் இருந்தது நமக்கு நல்லதாகப் போயிற்று.

அதற்கப்புறம் சேத்தூர் பக்கத்திலிருந்தும், வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரத்திலிருந்தும் கேட்டு வந்தார்கள். வால் இல்லாத புது மைக் வந்தபோது காட்டினேன். "இனி நான் எதச் சொருகுறது?" என்றீர்கள். அந்தச் சமயத்தில்தான் உங்களுக்கு அடிக்கடி காய்ச்சல் வரத் தொடங்கியது. மதுரைக்குக் கூட்டிப்போனோம். அண்ணன் மில்லில் லீவு போட்டுக் கூடவே கிடந்தார். நீங்கள் திரும்பி வரவில்லை. இதை விரித்து எழுத எனக்கு மனசில்லை மதினி. நீங்களும் அதைக் கேட்க விரும்ப மாட்டீர்கள்.

இப்போதைய சேதியைச் சொல்கிறேன். வெள்ளைத்தாய் அக்காதான் பாட்டெடுக்கிறார். உங்கள் அளவுக்கு நின்ற இடத்திலேயே பாட்டுக் கட்ட வராது என்று அவரே சொல்வார், ஆனால் குரல் உங்களைவிட ஓங்கல். உங்கள் மகள் செல்வி எதிர்ப்பாட்டு. அவளுக்கு ஒரு மைக், அக்காவுக்கு ஒரு மைக், இரண்டையும் தனித்தனியாகப் பிடிக்கிற ரிசீவர் வாங்கியிருக்கிறேன். பேட்டரி வாங்கித் தருவது அண்ணாச்சி. அவருடைய பேத்தி பாவாடை கட்டிப் பாரிக்கு முன்னால் ஓடுகிறாள். நீங்கள் வாழ்த்தி வந்த பிள்ளைதான். வாய் அப்படியே உங்கள் வாய்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே எழுத உட்கார்ந்தேன்.

பாட்டுக்காரி தன் வீட்டைத் தானே பாடிக்கொள்ளக் கூடாது என்பார்கள். நீங்களும் பாடியதில்லை. நம் வாசல் வந்தால் தாளத்தை மட்டும் தட்டிக்கொண்டு தாண்டிவிடுவீர்கள். நீங்கள் போன பிறகு, சாவு விழுந்த துட்டி வீடு என்று பாடாமல் விட்டார்கள். அதனால் தெருவில் எல்லா வாசலும் பெயர் கேட்டிருக்கிறது, நம் வாசல் மட்டும் கேட்டதே இல்லை. அண்ணனும் விழா நாளில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுத்துவிடுவார்.

இந்த வருடம் வண்டி நம் வீட்டுக்கு முன்னால் வந்ததும் வெள்ளைத்தாய் அக்கா கையை உயர்த்தி நிறுத்தினார். செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் இந்த வீட்டுப் பெண் என்பதால் அவளும் பாடக் கூடாது. அக்கா தனியாக எடுத்தார்.

சீனியம்மா வாசலிலே — ஊரு
சிரிச்சு நிக்கும் வாசலிலே
பேரு சொன்ன மகராசி — ஒம்
பேரச் சொல்ல வந்தோமடி

அடுத்த அடியை வாங்க ஆள் இல்லை என்று நினைத்தேன். தெருவே வாங்கியது மதினி. முன்வரிசை, கடைசி வரிசை, வாசல்களில் நின்றவர்கள், மாடியில் இருந்தவர்கள், டீச்சர், பட்டாளத்துக் கிழவர், எல்லோரும் "சீனியம்மா வாசலிலே" என்று திருப்பிப் பாடினார்கள். அண்ணாச்சி அடித்தொண்டையில் கத்தினார். நான் ஒலிக் குமிழை முழுக்கத் திருப்பினேன். ஊளையிட்டால் இடட்டும் என்று திருப்பினேன்.

கதவு திறந்தது. அண்ணன் வெளியே வந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, உங்கள் பெயர் வந்த குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கை தட்டினார். தாளம் தப்பாமல் தட்டினார். இத்தனை வருடத்தில் அவர் கை தட்டி நான் பார்த்ததே இல்லை.

மதினி, உங்களுக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். என் கையில் குமிழ் திருக வலு இருக்கும்வரை ரிசீவர் பாரிக்கு நடுவில் போகும். என் காலத்துக்குப் பிறகும் போவதற்கு ஆள் பழக்கிவிட்டுத்தான் போவேன். நம் தெருவில் இனி பெயர் கேட்காத வாசல் இருக்காது. ஒவ்வொரு வருடமும் முதல் வாசலாக உங்கள் வாசலைத்தான் பாட வேண்டும் என்று கமிட்டியில் கேட்டேன், எல்லோரும் ஒரே குரலில் சரி என்றார்கள். அங்கே உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள். இன்னும் இரண்டு குழாய் கூட்டிக் கட்டுகிறேன்.

உங்களிடம் தெரு முழுக்கக் கேட்கத் திட்டு வாங்கிய,
கிறுக்குப்பய கொழுந்தன்
காளிராஜ்